கீமோ சிகிச்சையில் வாய்ப்புண் வராமல் காக்க

மருத்துவ உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் நாம் முதலில் செலவைப் பற்றிக் கேட்கிறோம். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி: “ஊசி போட்டு வந்த பிறகு ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை.”

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய் செல்லும் அப்படிப்பட்டது, வாயின் உள்தோலும் அப்படிப்பட்டது. அதனால்தான் மருந்து ஏறி ஐந்து முதல் பத்து நாட்களில் வாய் சிவந்து புண்ணாகிறது. சாப்பிட முடியாமல் எடை குறைந்தால், அடுத்த தவணை தள்ளிப்போகலாம் அல்லது மருந்தின் அளவு குறைக்கப்படலாம். இழப்பு அங்கேதான்.

சிகிச்சை தொடங்கும் முன்பே சொத்தைப் பல்லைப் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மென்மையான பிரஷ் போதும். மிஸ்வாக் பழக்கம் உள்ளவர்கள், ஈறில் இரத்தம் கசியும் நாட்களிலும் இரத்தத் தட்டணுக்கள் குறைந்த நாட்களிலும் அதை நிறுத்திவைக்க வேண்டும். அதன் நார் கீறிவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கலந்து, தினம் நான்கைந்து முறை கொப்பளிக்கலாம். ஒளுவின் கொப்பளிப்பு இதற்கு ஈடாகாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும்; வேண்டாம். வெற்றிலை, ஹான்ஸ், பீடி எல்லாவற்றையும் விட்டேயாக வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று ஐஸ். 5-எஃப்யூ என்னும் மருந்தை ஊசியாக ஒரே மூச்சில் ஏற்றும்போது, ஐந்து நிமிடம் முன்பிருந்து அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருந்தால், இரத்தக் குழாய்கள் சுருங்கி அங்கே மருந்து குறைவாகவே சேரும். ஆனால் எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறுபவர்களுக்குக் குளிர்ச்சியே வேதனை தரும். எனவே டாக்டரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். மீன் மார்க்கெட் ஐஸ் கட்டி கூடாது. காய்ச்சிய நீரை வீட்டில் உறைய வைத்து பிளாஸ்கில் கொண்டுபோகலாம். சோழவரத்திலிருந்து அடையாறு போய்ச்சேரும் வரை தாங்கும்.

ரமலானில் நோயாளி நோன்பை விடுவதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. தண்ணீரின்றி வாய் உலர்வது புண்ணை வளர்க்கும். மிளகாய், இஞ்சி தவிர்த்த நோன்புக் கஞ்சி, சூடு ஆறிய பின் நல்ல உணவு.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தண்ணீரே விழுங்க முடியாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிளாஸ்க் இல்லாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் வாங்கிச் செல்லலாம். சிகிச்சை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும்.