சுற்றும் ஆடும் நரியின் நாடாப்புழுவும்

மந்தையில் ஓர் இளம் ஆடு மட்டும் தலையை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு வட்டமிட்டுச் சுற்றுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நாளடைவில் அது மேய்ச்சலை மறந்து, வேலியில் முட்டி நின்று, மெலிந்து இறந்துவிடும். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இத்தகைய ஆடுகள் சிலவற்றின் மூளையில், கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்க்கும்போது, கோழிமுட்டை அளவுகூட வளர்ந்த நீர்ப்பை காணப்படுகிறது. அதன் உட்சுவரில் கசகசா போல் ஒட்டியிருக்கும் வெண்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நாடாப்புழுவின் தலையாகும். (வெறிநோய் அச்சமும் இருப்பதால் மண்டையை நீங்களே உடைக்க வேண்டாம்.)

இந்தத் தலையை நாயோ நரியோ தின்றால் அப்புள்ளிகள் அதன் குடலில் முழுப் புழுக்களாக வளர்கின்றன. சுமார் ஆறு வாரத்தில் முட்டைகள் மலத்துடன் வெளியேறிப் புல்லில் படிகின்றன. அப்புல்லை மேயும் ஆடு அடுத்த பலியாகிறது.

ஈரலிலும் நுரையீரலிலும் காணும் சில நீர்க்கட்டிகள் இதைவிட அஞ்சத்தக்கவை. அவற்றை உண்டாக்குவது நெல்மணி நீளம்கூட இல்லாத மற்றொரு நாடாப்புழு. அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் சென்றால் நமக்கும் அதே கட்டி வரும். ஆட்டுக்கறி தின்பதால் இது வருவதில்லை; நாயின் மயிரிலும் கழுவாத கீரையிலும் ஒட்டிய முட்டையால் வருகிறது. நாயோடு விளையாடும் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள்.

வீட்டு நாய்க்கு மருந்து கொடுக்கலாம். நரிக்கு யார் கொடுப்பது? தெற்கு ஜெர்மனியில் செந்நரிகளின் நாடாப்புழுவை ஒழிக்க, 50 மில்லிகிராம் பிராசிகுவான்டெல் வைத்த இரைத்துண்டுகளைக் காட்டிலும் வயலிலும் தூவினார்கள். புழு வெகுவாகக் குறைந்தது. தூவுவதை நிறுத்திய இடங்களில் மீண்டும் பெருகியது. நம்மால் அச்செலவு தாங்காது. நஞ்சு வைப்பதோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மேலும், எலி பிடிக்கும் நரியை இழப்பது வயலுக்கும் நட்டமே.

நம் கையில் இருப்பது நரியின் இரை. பயிர் நூல் கற்பிக்கும் எனக்கு, இது பூக்குமுன் களையைப் பிடுங்குவது போலத் தோன்றுகிறது. செத்த ஆட்டை ஓடையிலோ புதரிலோ எறியாதீர்கள். நான்கடிக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைத்து, மேலே கல்லும் முள்ளும் போடுங்கள். கிடா வெட்டும் நாளில், கட்டியுள்ள ஈரலைப் பச்சையாக நாய்க்கு வீசும் வழக்கத்தை அறவே விடவேண்டும். அதையும் குழியில் போடுங்கள். இயலாவிட்டால் அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள்.

பட்டி நாய்க்கு ஆறு வாரத்திற்கு ஒருமுறை, எடை பார்த்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பிராசிகுவான்டெல் கொடுங்கள். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே இரண்டு நாள் நாயைக் கட்டி வைத்து, அதன் மலத்தை அள்ளி எரித்துவிடுங்கள்.