பச்சைத் தண்ணீர் பாலன்ஸ் ஷீட்!

வீட்டுக் கடன் தவணையை ஒருத்தன் கட்டாமல் விட்டால், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல் வருமா?

வரும் சார்! வந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டு என்று ஓர் ஊர். 2007-ல் அங்கே வட்டி ஏறி, வீட்டு விலை இறங்கி, தவணை கட்ட முடியாத ஜனங்கள் வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மனுஷன் போய்விட்டான், கொல்லைப்புற நீச்சல் குளம் என்ன செய்யும்? அங்கேயே கிடந்தது. மோட்டார் நின்றது, மருந்து நின்றது, தண்ணீர் பச்சையானது, கொசு குடித்தனம் வந்தது. அந்தக் கோடையில் வெஸ்ட் நைல் வைரஸ் காய்ச்சல் அந்த வட்டாரத்தில் 276 சதவீதம் அதிகமானதாக ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குக் கொடுத்தார்கள். வாராக் கடனால் பாங்குக்கு நஷ்டம் என்று பி.காமில் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்குக் காய்ச்சல் என்று எந்த அக்கவுண்டன்சி புத்தகத்திலும் கிடையாது!

'நமக்கும் நீச்சல் குளத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? மாசக் கடைசியில் தண்ணி கேன் வாங்கவே கடன் சொல்கிறோம்' என்கிறீர்களா? நானும் அதே கட்சிதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, ஈ.சி.ஆரில் குளம் வைத்த பங்களாவை ஒரு நாள் வாடகைக்குப் பிடிக்கிறீர்களா இல்லையா? வண்டி நிற்பதற்குள் பனியனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொபுக்கடீர் என்று குதிக்கிறீர்களே... எதில் குதிக்கிறீர்கள் என்று பார்த்தீர்களா?

நான் பார்த்தேன். எட்டு நாள் கரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

என் தாய்மாமா துபாயில் சம்பாதித்ததை ஈ.சி.ஆரில் வீடாகவும், வீட்டுக்குப் பின்னால் குளமாகவும் மாற்றி வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பெண் வீட்டுக்குப் போனவர் பத்து மாசம் கழித்து, பொங்கலுக்குத்தான் திரும்பினார். வாட்ச்மேன் நல்ல மனிதர். 'ஐயாவுக்குக் கரண்ட் பில் மிச்சம்' என்று அவர் கிளம்பிய மறுநாளே குளத்து மோட்டாரை ஆஃப் பண்ணிவிட்டார். மிச்சம் எவ்வளவு என்று தெரியவில்லை. குளம் பாசிப்பருப்பு சூப் மாதிரி இருந்தது. மேலே தென்னை மட்டை, காகிதப் பூ, கரையோரம் நாலு தவளை. முதல் படிக்கட்டு தெரிந்தது; இரண்டாவது படி தெரியவில்லை.

"டேய் மாப்ளே, தொறந்து விட்டுட்டு நாலு லாரி தண்ணி அடிச்சிரலாம்டா. ஒரே நாள்ல முடிஞ்சிரும்!" என்றார் மாமா.

நீளம் 10 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் ஒரு முனையில் 3 அடி, மறுமுனையில் 5 அடி. பெருக்கினால் சுமார் 48,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலு நடை. மாமாவின் கணக்கு கரெக்ட்தான். ஆனால் குளத்தைப் பராமரிக்க வந்த அண்ணன் தலையில் கை வைத்துக் கொண்டார்.

"சார், இப்பத்தான் மழைக்காலம் முடிஞ்சுது. சுத்தி நாலடி தோண்டுனா தண்ணி நிக்குது. உள்ள இருக்கற தண்ணிய எடுத்தீங்க, குளமே மேல எழும்பிடும்."

ஜோக் இல்லை. குளம் என்பது மண்ணுக்குள் புதைத்து வைத்த கான்கிரீட் படகு. உள்ளே இருக்கிற 48 டன் தண்ணீர்தான் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. வெளியே நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது உள்ளே காலி செய்தால், கீழிருந்து வருகிற அழுத்தம் தரையைப் பிளக்கலாம், தொட்டியையே தூக்கலாம். கடலோர மணல் நிலத்தில் மழை முடிந்த கையோடு இதைச் செய்வது, வீட்டுக்குத் தீ வைத்துக் கரப்பான் ஒழிப்பது போல. தவிர, 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். 48,000 லிட்டரைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை. பச்சையாக இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தானே?

பக்கத்து வீட்டுப் பாட்டி மதில் மேலிருந்து ஒரு யோசனை சொன்னார். "கார்ப்பரேஷன்ல கிணத்துக்கு மீன் குடுப்பாளே, அதை விட்டுப் பாரேன்." பாட்டி சொன்னது சரி. கம்பூசியா மீன் கொசுப்புழுவைத் தின்னும். சென்னையில் மலேரியா பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி கொசு கிணறு, மொட்டைமாடித் தொட்டி என்று பார்த்துத்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆனால் மீன் விட்டால் குளோரின் போடக் கூடாது. குளோரின் போட்டால் மீன் மிதக்கும். இந்தக் கூட்டணி தேர்தல் வரைகூடத் தாங்காது.

முதல் நாள் வெறும் கூலி வேலை. நீளக் கம்பு வலையால் இலை, மட்டை எல்லாம் அள்ளினோம். யாரும் உள்ளே இறங்கவில்லை. அடி தெரியாத தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று அண்ணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். குப்பையை எடுக்காமல் மருந்தைக் கொட்டினால், மருந்து குப்பையோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். அப்புறம் மணல் ஃபில்டரைத் தலைகீழாக ஓட்டி, அதாவது பேக்வாஷ் செய்து, அடைப்பை வெளியேற்றினார். மோட்டார் இருமி, செருமி, ஓட ஆரம்பித்தது.

இரண்டாம் நாள்தான் நம்ம சப்ஜெக்ட் வந்தது. சின்னப் பெட்டியில் இரண்டு குழாய், இரண்டு மருந்து. ஒரு குழாயில் மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கையிருப்பு. எங்களுக்கு நிறமே வரவில்லை. கையிருப்பு பூஜ்யம்! இன்னொரு குழாயில் சிவப்பின் அடர்த்தியை வைத்து பி.ஹெச். பார்ப்பது. குளிக்கிற தண்ணீருக்கு 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். நமக்கு 8.2-ஐத் தாண்டி நின்றது. பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவைத் தின்னத் தின்ன பி.ஹெச். ஏறுமாம்.

மாமா, "அதெல்லாம் இருக்கட்டும்பா, குளோரினைக் கொட்டு" என்றார். இங்கேதான் பெரும்பாலானவர்கள் காசைக் கரைக்கிறார்கள். தண்ணீரில் போட்ட குளோரின் இரண்டு வேஷம் போடும். ஒன்று சுறுசுறுப்பானது, கிருமியையும் பாசியையும் கொல்லும். இன்னொன்று சோம்பேறி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போகிற ஆசாமி. பி.ஹெச். 7.5-ல் இருந்தால் சுமார் பாதி வேலை செய்யும். 8.5-க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான்! அதனால் முதலில் ஆசிட் விட்டு பி.ஹெச்சை இறக்க வேண்டும், அப்புறம்தான் குளோரின். வரிசை மாறினால் பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் வேலைதான் நடக்கும்.

ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, மோட்டார் ஓடும்போது, வாளித் தண்ணீரில் கலந்து விட்டார் அண்ணன். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் மூஞ்சியில் தெறிக்கும். வாட்ச்மேன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதே வாளியில் பிளீச்சிங் பவுடரைப் போட வந்தார். அண்ணன் போட்ட சத்தத்தில் தவளைகளே குளத்தைக் காலி பண்ணிவிட்டன. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22-ம் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊரில் ஜெர்மானியர்கள் எதிரிப் படைமேல் திறந்துவிட்டார்களே, அதே வாயு. உங்கள் வீட்டுப் பாத்ரூமில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே மூலையில் இருந்தால், இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

மூன்றாம் நாள் பி.ஹெச். 7.4. சாயங்காலம் ஐந்து லிட்டர் திரவ குளோரின் விட்டோம். பத்து சதவீதச் சரக்கு. நம்ம 48,000 லிட்டரில் அது பத்து பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் பத்துப் பங்கு. ஏன் சாயங்காலம்? பகல் வெயில் குளோரினைத் தின்றுவிடும். பாதுகாப்பில்லாத குளோரினில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்தில் காலி. பிளீச்சிங் பவுடர் ஏன் வேண்டாம்? சுண்ணாம்பு படியும், ஏற்கெனவே ஈ.சி.ஆர். போர் தண்ணீர் கடினம். நீளக் கம்பு பிரஷ்ஷால் கரையிலிருந்தே சுவரைத் தேய்த்துக் கொடுத்தோம். வழவழப்புக்குள் ஒளிந்திருக்கிற பாசியின்மேல் மருந்து பட வேண்டுமே!

மறுநாள் காலை குழாயில் மஞ்சளே இல்லை. பூஜ்யம்! மாமா முகம் வாடிவிட்டது. எனக்கு ஆச்சரியமில்லை. கடன்காரனுக்குக் கட்டின பணம் பையில் இருக்குமா? முழுக் கடனும் தீர்ந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு அண்ணன் வைத்திருந்த ஆடிட் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ராத்திரி மருந்து விட்டுக் கலந்தபின் அளவு பார்த்து எழுதிவை. சூரியன் எழுவதற்கு முன் மறுபடி பார். ராத்திரியில் வெயில் கிடையாது. குறைந்ததெல்லாம் பாசி தின்றது. குறைவு ஒரு பி.பி.எம்முக்குள் வந்துவிட்டால் பாசி கணக்கு முடிந்தது. டிரையல் பாலன்ஸ் டேலி ஆகாவிட்டால் நாம் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவோமே, தண்ணீரில் அந்த வசதி கிடையாது.

நாலு ராத்திரி இப்படிப் போயிற்று. பச்சை, வெளிர்ப் பச்சையாகி, ஏழாம் நாள் காலை நீர்மோர் ஆனது. "இது என்னடா, கலர்தான் மாறியிருக்கு!" என்றார் மாமா. செத்த பாசி அது. ஃபில்டர் ராப்பகலாக ஓட வேண்டும். அழுத்தம் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட எட்டு, பத்து பி.எஸ்.ஐ. ஏறினால் பேக்வாஷ். அவசரத்துக்கு அண்ணன் சீனாக்காரம் போட்டுக் கலக்கைக் கீழே படிய வைத்து, தரையில் படிந்ததைக் குழாயால் உறிஞ்சி, ஃபில்டருக்கு அனுப்பாமல் நேரே வெளியே தள்ளினார். "நாங்க மண்பானையில தேத்தாங்கொட்டை தேய்ப்போம்" என்று மதில் மேலிருந்து பாட்டி. அதே டெக்னிக்தான். பானை கொஞ்சம் பெரிசு.

கடைசியில் சில்லறைக் கணக்குகள். சீனாக்காரம் காரத்தன்மையைக் குறைக்கும். அது 80-லிருந்து 120 பி.பி.எம்முக்குள் இல்லாவிட்டால் பி.ஹெச். குரங்கு மாதிரி தாவும். அதற்கு மருந்து, சமையலறை ஆப்பசோடா! 800 கிராம் போட்டால் இந்தக் குளத்தில் பத்துப் புள்ளி ஏறும். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்ற சயனூரிக் ஆசிட் இரண்டு கிலோ. அதுவே குளோரினுக்குக் குடை. ரொம்பவும் போட்டால் குடைக்குள்ளேயே குளோரின் தூங்கிவிடும். எட்டாம் நாள் சாயங்காலம் மாமா ஒரு ரூபாய்க் காசை ஐந்தடி ஆழத்தில் போட்டார். பூவா தலையா என்று மேலிருந்தே படிக்க முடிந்தது.

சரி, உங்கள் ஈ.சி.ஆர். பிக்னிக்குக்கு வருவோம்.

பங்களா வாசலில் "இப்பத்தான் சார் மருந்து போட்டோம், வாசனை வருது பாருங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். சந்தேகப்பட வேண்டியதே அந்த வாசனையைத்தான்! சரியான குளத்தில் மூக்கைத் துளைக்கிற நெடி இருக்காது. வியர்வையும், சொல்லக் கூசுகிற இன்னொன்றும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமின்தான் அந்த நெடி. கண் சிவப்பதற்கும் அதற்குப் பங்கு உண்டு. உங்களுக்கு முன்னால் நேற்று வந்த கோஷ்டி விட்டுப் போன பாக்கி.

அடுத்து, ஆழமான முனையில் நின்று கீழே பாருங்கள். அடித்தளத்தில் தண்ணீர் வெளியேறும் வலை மூடி ஒன்று இருக்கும். அது பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், உங்களில் ஒருவன் மூழ்கினாலும் தெரியாது. பத்துப் பேர் கூத்தடிக்கும்போது ஒருத்தன் குறைகிறான் என்று யார் எண்ணிக் கொண்டிருப்பார்கள்? கலங்கிய தண்ணீரில் ஐந்தடி ஆழம் போதும். நீச்சல் தெரியாத நண்பன் எல்லா கோஷ்டியிலும் ஒருத்தன் இருக்கிறான். அவன் 'தெரியும்' என்றுதான் சொல்வான்.

சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் பாசி இன்னும் காலி பண்ணவில்லை. அப்புறம் அந்த இரண்டு குழாய்ப் பெட்டியைக் கேளுங்கள். குளோரின் 1-லிருந்து 3 பி.பி.எம்.; சயனூரிக் போட்ட குளம் என்றால் 2-க்குக் குறையக் கூடாது. பெட்டியே இல்லை என்றால் கணக்கே எழுதாத கம்பெனி என்று அர்த்தம். வாடகை கொடுத்தாகிவிட்டதே என்று இறங்காதீர்கள். கரையில் நாற்காலி போட்டு, கட்டிக் கொண்டு போன பிரியாணியைப் பிரியுங்கள்.