புரைதானே என்று காத்திருக்கலாமா?

நவம்பர் பிறந்துவிட்டால் நமது கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகும். வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வரும் பெரியவர்களுள் சிலர் படிவத்தைக் கண்ணருகே கொண்டுசென்று, படிக்க இயலாமல் நம்மிடமே திருப்பி நீட்டி, "புரைதான் தம்பி, பொங்கல் கழியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். பெரும்பாலும் அது புரையாகவே இருக்கும். எப்போதும் அவ்வாறன்று என்பதைக் கூறவே இக்கட்டுரை. நாம் வணிகவியல் பயின்றவர்களேயன்றி மருத்துவரல்லர். கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

கண்ணின் வெள்ளைப் படலத்திற்கும் உள்ளிருக்கும் விழித்திரைக்கும் இடையே இரத்த நாளங்கள் செறிந்த ஓர் அடுக்கு உண்டு. அதில் தோன்றும் அழற்சிக்கு யுவியைட்டிஸ் என்று பெயர். இருபது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டோரையே இது மிகுதியாகத் தாக்குகிறது. இளைஞர்களிடம் பெரும்பாலும் அது அறிவித்துக்கொண்டே வரும். கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கண்டால் கூசும். காலையில் முதுகு இறுகி, நடமாடிய பின் தளர்கிற இளைஞருக்குக் கண்ணும் இவ்வாறு சிவந்தால், இரண்டும் ஒரே மூட்டுவாத நோயின் விளைவோ என மருத்துவர் ஐயுறுவார். 1993இல் பெருமழை வெள்ளத்திற்குப் பின் மதுரைப் பகுதியில் எலிக்காய்ச்சலைத் தொடர்ந்து பலருக்கு இவ்வழற்சி கண்டது. எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரில் இறங்குவோரை அக்கிருமி பற்றுகிறது.

முதுமையில் காரணங்களின் வரிசை மாறிவிடுகிறது. முதலில் எண்ண வேண்டியது அக்கி. சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து, உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுகிறது. நெற்றியின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் கொப்புளங்கள் தோன்றி, மூக்கின் நுனியிலும் அவை காணப்பட்டால் கண்ணுக்கும் ஆபத்து என்று கொள்ள வேண்டும். நம் ஊர்களில் அக்கி எழுதும் வழக்கம் உண்டு. நம்பிக்கையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் கிருமியெதிர்ப்பு மருந்தைத் தொடங்குவதே நலம் பயக்கும். காவி காயும் வரை காத்திருப்போர் அந்த நேரத்தை இழக்கிறார்கள். கொப்புளம் ஆறிச் சில வாரங்கள் கழித்தும் கண் அழற்சி தோன்றலாம்.

அடுத்தது சற்று அச்சம் தருவது. கண்ணினுள் தோன்றும் நிணநீர்ப் புற்று அழற்சியைப் போலவே வேடமிட்டு வரும். அரிதெனினும் அது முதியோரையே நாடுகிறது. ஸ்டீராய்டு மருந்துக்குச் சற்றே தணிந்து மீண்டும் மங்கினால், மருத்துவர் கண்ணினுள்ளிருந்து சிறிது கூழ்மத்தை எடுத்துச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

கண்ணின் பின்பகுதியில் அழற்சி இருந்தால் எவ்வயதினருக்கும் சிவப்போ வலியோ இல்லாமல் மங்கலும், பூச்சி பறப்பது போன்ற புள்ளிகளும் மட்டுமே தோன்றலாம். இளைஞர் திடுக்கிட்டு மருத்துவரிடம் ஓடுவார். முதியவரோ வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடுவார். புரை மாதக்கணக்கில் மெல்ல மறைப்பது. சில நாட்களில் மங்கிய பார்வைக்குப் புரையைக் காரணம் சொல்லிக் காத்திருத்தல் கூடாது.

சிகிச்சையிலும் வேறுபாடு உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை இளைஞர் தாங்குவதுபோல் முதியோர் தாங்குவதில்லை. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். சொட்டு மருந்தும் கண்ணழுத்தத்தை உயர்த்தக்கூடும். வீட்டில் எஞ்சிய பழைய சொட்டு மருந்தைத் தாமாகவே விட்டுக்கொள்வது ஆகவே ஆகாது. அழற்சியுள்ள கண்ணில் புரையும் இருந்தால், அழற்சி அடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள் அமைதியாக இருந்த பின்னரே வழக்கமாக அறுவை செய்வர். மருத்துவரிடம் செல்லும்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்; முன்பு காசநோய் கண்டிருந்தால் மறவாமல் கூறுங்கள்.

சிகிச்சை நவம்பரில் அமைந்தால் கிளைக்கு வர வேண்டுமே என்று தள்ளிப்போட வேண்டாம். மின்னணு வாழ்நாள் சான்றிதழை வீட்டிலிருந்தே முக அடையாளத்தின் வழியாகக் கைபேசியில் அளிக்கலாம். எண்பது வயது நிறைந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். எழுபதைக் கடந்தோர் வீட்டு வாயிலில் வங்கிச் சேவையும் கோரலாம்.