உருகி உறையும் நகல்கள்

1998-ம் ஆண்டு. அமெரிக்காவின் பிக்ஸார் ஸ்டுடியோவில் ‘டாய் ஸ்டோரி 2’ அனிமேஷன் படத்தின் வேலைகள் நடந்துகொண்டிருந்தன. படத்தின் கோப்புகள் இருந்த கணினியில் யாரோ ஓர் அழிப்புக் கட்டளையைத் தவறான இடத்தில் தட்டிவிட்டார்கள். தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஓரன் ஜேக்கப் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வூடி பாத்திரத்துக்கான கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கணினியின் மின் இணைப்பைப் பிடுங்குவதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

பேக்கப் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தபோதுதான், அது சில வாரங்களாகவே ஒழுங்காகப் பதிவாகவில்லை என்று தெரிந்தது. கடைசியில் படத்தைக் காப்பாற்றியவர் கேலின் சஸ்மன். கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தும் வேலை பார்த்தவர் அவர். அதற்காகப் படத்தின் நகல் ஒன்று அவர் வீட்டுக் கணினியில் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளால் சுற்றி, காரில் ஏற்றி, ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பெரிய ஸ்டுடியோவுக்கே இந்தக் கதி என்றால், வீட்டுக் கணினியில் கணக்கும் கடிதமும் புகைப்படமும் சேர்த்து வைத்திருந்தவர்கள் நிலை? அன்று அவர்கள் கையில் இருந்தது 1.44 எம்பி கொள்ளும் ஃபிளாப்பி. அந்த நேரத்தில்தான், 1997-ல், அழித்து அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ தகடு சந்தைக்கு வந்தது. 650 எம்பி கொள்ளும் ஒரே தகடு, சுமார் 450 ஃபிளாப்பிகளின் வேலையைச் செய்தது. வாராவாரம் அதையே அழித்துப் புதிய நகலை எழுதிக்கொள்ளலாம். சாதாரண மனிதருக்கு பேக்கப் என்ற பழக்கம் கைக்கு எட்டியதில் இந்தத் தகட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

கடைசல் பட்டறையிலிருந்து வந்த விஞ்ஞானம்

இந்தத் தகட்டின் வேர் ஸ்டான்ஃபோர்டு ஓவ்ஷின்ஸ்கி என்பவரிடம் இருக்கிறது. 1922-ல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பிறந்தவர். தந்தை பழைய இரும்பு வியாபாரம் செய்தார். ஓவ்ஷின்ஸ்கி கல்லூரிப் பக்கம் போகவில்லை. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டே, நூலகப் புத்தகங்களிலிருந்து இயற்பியலைக் கற்றுக்கொண்டார். அணுக்கள் ஒழுங்கில்லாமல் கலைந்துகிடக்கும் கண்ணாடித்தன்மை உடைய பொருள்களை அன்றைய மின்னணுவியல் பெரிதாக மதிக்கவில்லை. அத்தகைய பொருள் ஒன்றை மின்துடிப்பால் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாற்றவும் திரும்பக் கொண்டுவரவும் முடியும் என்று 1968-ல் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ ஆய்விதழில் அவர் எழுதினார். மின்துடிப்புக்குப் பதில் லேசர் ஒளியையும் பயன்படுத்தலாம் என்பது அடுத்த சில ஆண்டுகளிலேயே தெளிவானது.

கருத்துக்கும் கடைச் சரக்குக்கும் இடையே நீண்ட தூரம் இருந்தது. வேகமாக மாற வேண்டும், ஆனால் தானாக மாறிவிடக் கூடாது. இந்த இரண்டு குணமும் ஒரே பொருளில் அமைய வேண்டும். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் நொபொரு யமாடாவின் குழு 1980-களில் ஜெர்மேனியம், ஆண்டிமணி, டெலூரியம் மூன்றும் சேர்ந்த கலவையில் அதைக் கண்டது. சிடி-ஆர்டபிள்யூ தகடுகளில் அதன் உறவுக் கலவையான வெள்ளி, இண்டியம், ஆண்டிமணி, டெலூரியம் இடம்பிடித்தது.

லேசர் எழுதும்போது நடப்பது

சர்க்கரைப் பாகை ஆற அமர விட்டால் கற்கண்டாகப் படியும். சட்டென்று குளிர வைத்தால் கண்ணாடிபோல இறுகும். தகட்டுக்குள் நடப்பதும் இதுதான். லேசர் முழு வீச்சில் ஒரு புள்ளியைத் தொட்டால், அந்த இடம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டி உருகும். லேசர் விலகியதும் கண்ணிமைக்கும் நேரத்தின் மிகச் சிறு பகுதியில் குளிர்ந்து, அணுக்கள் வரிசைகட்ட நேரமில்லாமல் உறைந்துவிடும். அந்தப் புள்ளி ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். அழிக்கும்போது லேசரின் வலிமை குறைக்கப்படும். பொருள் உருகாது, சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடாகி, அணுக்கள் மீண்டும் படிக வரிசைக்குத் திரும்பிப் பளிச்சென்று ஒளிரும். படிப்பதற்கு மிக மெல்லிய ஒளி போதும். அது எதையும் மாற்றாது. பளிச்சும் மங்கலும் மாறிமாறி வருவதைக் கணினி 0, 1 என்று எடுத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுருள்சுருளாக ஓடும் தடத்தில் நடக்கின்றன. சிடியில் அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். டிவிடியில் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், கொள்ளளவு 4.7 ஜிபி. நீல-ஊதா லேசரால் இயங்கும் புளூ-ரேயில் இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர், ஓர் அடுக்குக்கு 25 ஜிபி. மூன்றுக்கும் அழித்து எழுதும் வகைகள் உண்டு.

படிக நிலையில்கூட சிடி-ஆர்டபிள்யூ திருப்பி அனுப்பும் ஒளி 15 முதல் 25 சதவீதம்தான். கடையில் வாங்கும் பாட்டு சிடியில் இது சுமார் 70 சதவீதம். வீட்டில் எழுதிய தகட்டைப் பழைய பாட்டுப் பெட்டிகள் ஏற்க மறுத்ததற்குக் காரணம் இதுவே. தகடு கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டார்கள். குறை பெட்டியின் கண்ணில் இருந்தது.

ஆயிரம் முறை என்றால்?

சிடி-ஆர்டபிள்யூவைச் சுமார் 1,000 முறை அழித்து எழுதலாம். வாரம் ஒருமுறை எழுதினால் 19 ஆண்டுகள் வரும். ஆனால் கணக்கு இவ்வளவு நேராகப் போவதில்லை. தகட்டையே ஒரு டிரைவ்போலப் பாவித்து, கோப்புகளை இழுத்துப்போட வழி செய்யும் மென்பொருள்கள் வந்தன. கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை அவை ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கும். தகட்டின் மற்ற பகுதிகள் புதிதாக இருக்கும்போதே அட்டவணை இருக்கும் இடம் தேய்ந்துபோகலாம். அதனால் பேக்கப் என்று வரும்போது, கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே மூச்சில் எழுதி முடிப்பது நல்லது. அடிக்கடி திருத்தி எழுதவேண்டியவர்களுக்காக வந்த டிவிடி-ராம் வகைத் தகடுகள் ஒரு லட்சம் முறை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டன.

அழிப்பதிலும் இரண்டு வகை. ‘விரைவு அழிப்பு’ உள்ளடக்க அட்டவணையை மட்டும் துடைக்கும். கோப்புகளின் தடயம் தகட்டிலேயே கிடக்கும். வங்கி விவரமோ அடையாள அட்டையோ பதிந்த தகட்டை அடுத்தவரிடம் கொடுப்பதற்கு முன் ‘முழு அழிப்பு’ செய்தாக வேண்டும்.

அழித்து எழுதும் வசதியே பேக்கப்புக்கு ஆபத்தாகவும் அமையும். ஒரே தகட்டை வைத்து வாராவாரம் எழுதுபவரை எடுத்துக்கொள்வோம். திங்களன்று கணக்குக் கோப்பு ஒன்று சிதைகிறது. யாரும் கவனிக்கவில்லை. சனிக்கிழமை தகட்டை அழித்து, சிதைந்த கோப்பையே அதில் ஏற்றுகிறார். நல்ல நகல் உலகத்தில் எங்கும் இல்லாமல் போகிறது. இன்னொரு சிக்கல், தகட்டை அழித்த நேரத்துக்கும் எழுதி முடித்த நேரத்துக்கும் நடுவே இருக்கிறது. ஆரம்பகால 4 மடங்கு வேக ரைட்டரில் ஒரு தகட்டை நிரப்பச் சுமார் 19 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பழைய நகலும் இல்லை, புதிய நகலும் இல்லை.

கணினி மையங்கள் காந்த நாடாக் காலத்திலேயே இதற்கு ஒரு முறையைக் கண்டுபிடித்துவிட்டன. அதன் பெயர் ‘தாத்தா, அப்பா, மகன்’. மூன்று தகடுகள் சுழற்சியில் இருக்கும். இந்த வார நகல் மகன், போன வாரத்தது அப்பா, அதற்கு முந்தையது தாத்தா. புதிதாக எழுதும்போது எப்போதும் மிகப் பழைய தகட்டைத்தான் அழிக்க வேண்டும். ஒன்றில் பிழை புகுந்தாலும் பின்னால் இரண்டு தலைமுறை இருக்கும்.

எழுதினால் போதாது, படித்துப் பார்க்க வேண்டும்

தகட்டில் கீறல் விழுந்தாலும் கோப்பு திறப்பதற்குக் காரணம், 1960-ல் இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் வகுத்த பிழைதிருத்தக் குறியீடு. தரவுகளுக்கு நடுவே உபரி எண்களைக் கலந்து வைத்து, தொலைந்த பகுதியைக் கணக்குப் போட்டு மீட்கும் முறை அது. சிடியில் தொடர்ந்து சுமார் 2.5 மில்லிமீட்டர் தடம் படிக்க முடியாமல் போனாலும், அந்தத் தகவலை முழுமையாக மீட்டுவிட முடியும். கணினித் தரவு சிடியின் ஒவ்வொரு பிரிவிலும் 2,352 பைட் இருக்கும்; பயனரின் தரவு அதில் 2,048 மட்டுமே. மீதி இடத்தில் பெரும்பகுதி இன்னொரு சுற்றுப் பாதுகாப்புக்குப் போகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தகடு மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தாலும் பிழைதிருத்தம் அதை மறைத்துவிடும். கோப்புகள் எப்போதும்போலத் திறக்கும். திருத்தும் எல்லையைப் பிழைகள் கடக்கும் நாளில், நேற்றுவரை திறந்த கோப்பு திடீரென்று திறக்காது. ஆகவே எழுதி முடித்ததும் ‘சரிபார்’ கட்டளையைக் கொடுத்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். எஸ்எச்ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒரு கோப்பில் குறித்து வைக்கலாம். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை தகட்டைப் படித்து இரண்டையும் ஒப்பிட்டால் போதும். பிக்ஸாரில் தவறியது இந்தப் படிதான்: பேக்கப் பதிவாகிறதா என்று யாரும் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.

வெயில், ஈரம், பூஞ்சை

2001-ல் மாட்ரிட்டைச் சேர்ந்த ஹவியர் கார்சியா-கினியா என்ற ஆய்வாளர், மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியை நுண்ணோக்கியில் பார்த்தார். தகடு நிறம் மாறி, சில இடங்களில் உள்ளே தெரியும் அளவுக்கு ஒளி ஊடுருவியது. ஜியோட்ரிகம் என்ற பூஞ்சை விளிம்பு வழியாக உள்ளே நுழைந்து, பிளாஸ்டிக்கையும் அலுமினியப் படலத்தையும் அரித்திருந்தது. இது மிக அரிதான நிகழ்வு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தகடு பாதிக்கப்படும் என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி, தகடுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. சென்னை போன்ற கடலோர நகரத்து வீடுகளில் இது கைக்கு எட்டாத அளவு. காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெயில் படாத உள் அலமாரியில் நிறுத்திவைப்பது இங்கே செய்யக்கூடிய காரியம்.

சிடியின் அடிப்பக்கத்தைப் பொத்திப் பாதுகாக்கும் பலர் மேல்பக்கத்தைக் கவனிப்பதில்லை. 1.2 மில்லிமீட்டர் தடிமனில் தரவு இருக்கும் படலம் மேல்பக்க வார்னிஷுக்கு ஒட்டினாற்போல் கீழே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தரவின் மீதே எழுதியதாகும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

இடமும் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக் கரையோரம் பல வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. மேசையில் கணினியும் மேசை இழுப்பறையில் பேக்கப்பும் இருந்தால், வெள்ளம் இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகும். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய ‘3-2-1’ முறை இதற்கு எளிய விடை: மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். சுழற்சியில் இருக்கும் தாத்தாவைச் சகோதரி வீட்டில் வைத்தாலே மூன்றாவது நிபந்தனை நிறைவேறிவிடும்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியபோது, கணினியோடு இணைந்திருந்த வெளி ஹார்டு டிஸ்க்குகளும் பூட்டப்பட்டன. டிரைவிலிருந்து எடுத்து உறையில் போட்ட தகட்டை எந்த வைரஸும் தொட முடியாது. பென் டிரைவ்போல மின்னூட்டத்தை நம்பியும் அது இல்லை. மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கலாம். 2014-ல் ஃபேஸ்புக் நிறுவனம், அடிக்கடி தேவைப்படாத கோப்புகளுக்காக 10,000 புளூ-ரே தகடுகள் கொண்ட ஒரு பேழையை வடிவமைத்துக் காட்டியது இந்தக் குணங்களை நம்பித்தான்.

இன்று எஞ்சியிருப்பது

சந்தை வேறு திசையில் போய்விட்டது. ஒரு காலத்தில் உலகின் பெரிய ஒளித்தகடு உற்பத்தியாளர்களில் ஒன்றாகவும், தமிழ்ப் படங்களை மலிவு விலைத் தகடுகளில் விற்றதாலும் தெரிந்த மோசர் பேயர் நிறுவனம் 2018-ல் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. பானசோனிக் 2023-லும் சோனி 2025-லும் எழுதக்கூடிய புளூ-ரே தகடுகளின் தயாரிப்பை நிறுத்தின. செல்பேசி எடுக்கும் 4கே காணொளி ஒரு நிமிடமே சில நூறு எம்பி வரும் காலத்தில், எல்லாவற்றையும் தகட்டில் ஏற்ற முடியாது. சான்றிதழ், பத்திர நகல், ஆய்வேடு, தேர்ந்தெடுத்த குடும்பப் படங்கள் ஆகியவற்றுக்கு இன்றும் பொருந்தும்.

பழைய தகடுகளை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் அவசரமாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒருமுறை மட்டும் எழுதும் வகைத் தகடுகளில் தரவு பெரும்பாலும் சாயத்தில் பதிந்திருக்கிறது. சாயம் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் வெளிறும். மலிவு விலையில் வாங்கிய அத்தகைய தகடுகளை முதலில் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். அழித்து எழுதும் சிடிக்கு 20 முதல் 50 ஆண்டுகள் ஆயுள் என்று கனடாவின் மரபுப்பொருள் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிடுகிறது. அவை இரண்டாவது வரிசையில் நிற்கலாம். தூசியை மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஒரு டிரைவ் படிக்காத தகட்டை இன்னொரு டிரைவ் படிப்பது சகஜம், ஆகவே ஒரு மறுப்போடு கைவிட வேண்டாம். புதிய மடிக்கணினிகளில் டிரைவே வருவதில்லை. யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி ரைட்டர்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. புளூ-ரே ரைட்டராகப் பார்த்து வாங்கினால், பெரும்பாலான மாதிரிகள் டிவிடியையும் 1982-ல் வெளிவந்த முதல் தலைமுறைச் சிடியையும் சேர்த்தே படிக்கும்.