கண்ணுக்குக் கவசம் முதலில், கருவி பிறகு

ஆவணி பிறந்துவிட்டால் கொல்கத்தாவின் தெருக்களில் மூங்கில் சாரங்கள் எழுந்துவிடுகின்றன. குமார்துலியின் குறுகிய சந்துகளில் களிமண் திருமேனிகள் உருப்பெறுகின்றன. இந்நகரின் துர்கா பூஜையை யுனெஸ்கோ நிறுவனம் 2021 டிசம்பரில் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. இக்காட்சிகளைக் கண்டு மகிழும் எவருக்கும், தாமும் ஒரு கிரீடமோ கதாயுதமோ செய்து பார்க்கவேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே.

குமார்துலிக் கலைஞர்கள் மூங்கில், வைக்கோல், ஆற்றுமண் ஆகியவற்றைக் கொண்டு உருவங்களைச் சமைக்கின்றனர். அணிகலன்களுக்கு வங்கத்தில் சோலா எனப்படும் நெட்டி பயன்படுகிறது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டை அறிந்த நமக்கு அது புதிதன்று. அதைச் செதுக்கக் கூரிய கத்தியும் பழகிய கையும் போதும். ஓய்வுநேரத்தில் நாடகப் பொருள்கள் செய்யும் நம்மைப் போன்றோரோ ஒட்டுப்பலகை, பிவிசி குழாய், ஃபோம் தகடு ஆகியவற்றை நாடுகிறோம். அவற்றை அறுக்கவும் தேய்க்கவும் துளையிடவும் ரோட்டரி டூல் எனப்படும் சிறு மின்சுழல் கருவி துணைசெய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நவராத்திரி நாடகம் ஒன்றுக்காக இராவணனின் கிரீடத்தை நாமே செய்ய முற்பட்டோம். விலை மலிவு என்பதற்காகப் பெயரறியாத கருவி ஒன்றை வாங்கினோம். குழாயை அறுக்கையில் கை சற்றே திரும்பியது. மெல்லிய வெட்டுச்சக்கரம் உடைந்து, அதன் சில்லு நம் மூக்குக் கண்ணாடியின் இடப்பக்க வில்லையைக் கீறிச் சென்றது. படிப்பதற்காக அணிந்திருந்த கண்ணாடி அன்று கண்ணைக் காத்தது தற்செயலே. கருவிக்குப் பணம் ஒதுக்கிய நாம் கண்ணுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் வேகக் கட்டுப்பாட்டைக் கவனிக்க வேண்டும். இவ்வகைக் கருவிகள் பல நிமிடத்திற்கு 5,000 முதல் 35,000 சுழற்சிகள் வரை இயங்குவன. மரத்திற்கு ஏற்ற வேகம் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். மிகையாகச் சூடேறிய பிவிசி கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் வாயுவை வெளியிடும். ஆதலால் வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி இன்றியமையாதது. தெர்மாகோலுக்கு இக்கருவியே வேண்டாம், கத்தி போதும்.

அடுத்து, பொருத்தும் சக்கரம், தூரிகை ஒவ்வொன்றின்மீதும் குறிக்கப்பட்டுள்ள உச்ச வேகத்தைப் படிக்க வேண்டும். கம்பித் தூரிகைகளுக்குப் பொதுவாக 15,000 சுழற்சிகளே எல்லை. அதனை மீறினால் கம்பிகள் ஊசிகளாகப் பறக்கும். பிட்களின் தண்டு 3.2 மி.மீ. அளவினதாயின் மாற்றுப் பொருள்கள் எளிதில் கிடைக்கும். பழைய வீடுகளில் குடியிருப்போர் மின் இணைப்பில் எர்த் உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு சரிபார்த்தல் நலம். சதுரத்திற்குள் சதுரம் பொறித்த கருவி இரட்டைக் காப்பு உடையது. அதற்கு எர்த் தேவையில்லை.

இனிப் பாதுகாப்புப் பொருள்கள். கண்ணின் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி முதல் தேவை. அதில் ஐஎஸ் 5983 அல்லது ஈஎன் 166 என்னும் தரக்குறி இருத்தல் வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிவோர் அதன்மேல் பொருந்துவதை வாங்கலாம். மரத்தூளுக்கு ஐஎஸ் 9473 தரக்குறி கொண்ட எஃப்எஃப்பி 2 முகக்கவசம் ஏற்றது. அது தூசியைத் தடுக்கும். வண்ணப்பூச்சின் ஆவியைத் தடுக்காது. நெடுநேரம் வேலை செய்தால் செவியடைப்பான் தேவை. கையுறை காக்கும் என்று எண்ணுவது தவறு. சுழலும் கருவியில் அதன் துணி சிக்கினால் விரலையும் இழுத்துவிடும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

வங்கியில் ஒரு சிறுதொழில் கடன் விண்ணப்பத்தை ஆராயும்போது நாம் இயந்திரத்தின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. அதனை நிறுவும் செலவு, காப்பீடு, பராமரிப்பு யாவும் சேர்ந்ததே திட்டச் செலவு. வீட்டு மேசையில் நடக்கும் பொழுதுபோக்குக்கும் இக்கணக்கு செல்லும். கையிலுள்ள தொகையில் கண்ணாடி, முகக்கவசம், செவியடைப்பான் ஆகியவற்றின் விலையை முதலில் கழித்துவிடுங்கள். எஞ்சிய தொகைக்குள் அடங்கும் கருவியைத் தேடுங்கள். தொகை போதாவிடில் ஒரு மாதம் காத்திருங்கள். உரிய ரசீதும் உத்தரவாத அட்டையும் பெற மறவாதீர்கள்.

வரும் ஆயுத பூஜையன்று நம் இல்லத்தில் அச்சுழல் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். அதன் அருகில் வைத்திருக்கும் பாதுகாப்புக் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு உண்டு.