வாரத்தில் ஒரு நாள் மட்டும்: மெத்தோட்ரெக்ஸேட் கணக்கு

அக்டோபர் 12, உலக மூட்டுவாத தினத்துக்குள் முடக்குவாத மருந்துகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்தாம், அப்புறம் அதே டாக்டர் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருவது ஏன்?

நியாயமான குழப்பம். 1940களில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய அமெரிக்க ஆய்வகத்தில் உருவான மருந்து இது. புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுத்தால் செல்கள் ஃபோலேட் கிடைக்காமல் பெருக முடியாது போகும். முடக்குவாதத்துக்கோ வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். செல்லுக்குள் நுழைந்த மருந்தோடு குளூட்டமேட் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ள, அது வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. ரத்தத்திலிருந்து ஓரிரு நாளில் போய்விடும். செல்லில் வாரக்கணக்கில் இருக்கும். அங்கிருந்தபடி அடினோசின் என்ற பொருளைச் சுரக்கவைத்து அழற்சியை அடக்குகிறது என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். அதனால்தான் ஃபோலிக் அமிலம் வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைத்தாலும் மூட்டுக்கான பலனைப் பெரிதாகக் கெடுப்பதில்லை.

இப்படித் தங்கும் மருந்தைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். பல நாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்டால் எச்சரித்ததாகிவிடாது. மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

முடக்குவாத மருந்துகளைப் பற்றிய ‘மூட்டுச் சேதத்தை மெதுவாக்கும்’ என்ற விளம்பர வாசகத்தையும் நிதானமாகப் படியுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு அரிப்புக்கு மதிப்பெண் போட்டு, ஒரு குழுவின் சராசரி எவ்வளவு மெதுவாக ஏறியது என்று பார்த்த கணக்கு அது. அரித்துப்போன எலும்பு திரும்ப வளரும் என்று அதற்கு அர்த்தமில்லை. பல ஆய்வுகளில் ‘பலன் பெற்றவர்’ என்று எண்ணப்பட 20 சதவீத முன்னேற்றமே போதும்.

இனி மற்ற கேள்விகள். வலி மாத்திரை மட்டும் போதுமா? போதாது, வலி அடங்கினாலும் அரிப்பு நிற்காது.

மெத்தோட்ரெக்ஸேட்டின் பலன் எப்போது தெரியும்? 6 முதல் 12 வாரத்தில்.

மது? கல்லீரலுக்காகத் தவிருங்கள், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைக்குத் திட்டமிட்டால்? கருவைப் பாதிக்கும் மருந்து இது. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் விலை உயர்ந்த ஊசி? உறங்கிக் கிடக்கும் காசநோயை அது எழுப்பிவிடக்கூடும். முதலில் அதற்கான சோதனை.