எண்ணெய் வைத்தாயிற்று, எடுத்தாயிற்றா?

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரிய கதை ஒற்றை முடியில் திரும்புகிறது. பெருமாளுக்கென்று பெரியாழ்வார் கட்டிவைத்த மாலையை ஆண்டாள் சூடிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறாள். மாலையில் சிக்கியிருந்த முடியைக் கண்டுதான் ஆழ்வாருக்கு விஷயம் தெரிந்தது என்பார்கள். தோல் மருத்துவரிடம் கேட்டால், அந்த முடி அங்கே இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம் என்பார். நல்ல ஆரோக்கியமான தலையிலிருந்தே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும்.

இந்தக் கணக்கு தெரியாமல் போவதால் வரும் வினைகள் பல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மலையடிவாரத்து வத்திராயிருப்பில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இதைக் கேட்கலாம்: “தலைக்கு ஊத்துனா முடி கொத்துக் கொத்தா வருது. அதான் வாரத்துக்கு ஒரு தரத்தோட நிறுத்திட்டேன்.” உண்மையில் தண்ணீர் அந்த முடியைப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு வேரிலிருந்து கழன்றுவிடும். கழன்றதெல்லாம் உடனே கீழே விழாது. அடர்ந்த சடைக்குள் அப்படியே தங்கியிருந்து, அலசும்போதும் வாரும்போதும் கையோடு வரும். தினமும் குளித்தால் தினமும் கொஞ்சம். ஏழு நாள் கழித்துக் குளித்தால் ஏழு நாள் பாக்கியும் ஒரே நாளில். அதைக் கண்டு பயந்து குளியலைப் பத்து நாளுக்குத் தள்ளினால், அடுத்த முறை கைக்கு வரும் கொத்து இன்னும் பெரிதாக இருக்கும். பயமும் அதற்கேற்ப வளரும்.

இன்னொரு நம்பிக்கை, அடிக்கடி அலசினால் தலை கூடுதலாக எண்ணெய் சுரக்கும் என்பது. தலைத்தோலில் முடிக்கால் ஒவ்வொன்றையும் ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் ஆட்டுவிப்பவை ஹார்மோன்கள். நாம் எத்தனை முறை குளித்தோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பிசுக்கேறுவதில்லை. வயதுக்கு வந்ததும் ஏறுகிறது.

அந்தப் பிசுக்கை நம்பி ஓர் உயிர் நம் எல்லோர் தலையிலும் வாழ்கிறது. மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. 1874இல் பொடுகுச் செதிலில் இதைக் கண்டு எழுதிய பிரெஞ்சு அறிஞர் மலசேயின் பெயரால் அழைக்கப்படுகிறது. 2007இல் இதன் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ளும் திறன் இதற்கு இல்லை என்று தெரிந்தது. ஆகவே நம் தோல் எண்ணெயை நொதியால் உடைத்துத் தின்கிறது. தின்றது போக மிஞ்சுவதில் ஒலீயிக் அமிலம் முக்கியமானது. அது சிலருடைய தோலை உறுத்தும். உறுத்திய இடத்தில் தோல் அவசர அவசரமாகப் புதுப்பித்துக்கொண்டு, பழையதைச் செதில் செதிலாக உதிர்க்கும். அதுதான் பொடுகு. ஆய்வகத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்கும் தட்டில் ஆலிவ் எண்ணெய் சேர்ப்பது வழக்கம். நம் வீடுகளிலோ பொடுகைப் பார்த்ததும் “தலை வறண்டு போச்சு” என்று இன்னும் ஒரு கை எண்ணெய் வைக்கிறோம்.

அப்படியானால் எண்ணெய்க் குளியல் தப்பா? இல்லை. செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு, புதன், சனி ஆண்களுக்கு என்று வாரம் இரண்டு நாள் வைத்த வழக்கம் மோசமான ஏற்பாடு அல்ல. ஆனால் அதில் பாதியைத்தான் நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம். காலையில் நல்லெண்ணெய் தேய்த்தால், கொஞ்ச நேரம் ஊறியதும் அரப்பும் சீயக்காயும் போட்டு அதை எடுத்துவிடுவார்கள். அரப்பு என்பது உசிலை மர இலைப் பொடி. சீயக்காய் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளையும் கொடிக்காய். இரண்டிலும் சபோனின் என்ற நுரைப்பொருள் இருப்பதால் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். எண்ணெய் வைப்பதும் எடுப்பதும் ஒரே காலை வேலை. இப்போது வைப்பது மட்டும் தினமும் நடக்கிறது. எடுப்பது ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் ஒரு வேடிக்கை. 2021இல் ஆசியர்களிடம் செய்து வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஐந்தாறு முறை ஷாம்பு போட்டவர்களே தலையைக் குறித்து அதிகத் திருப்தி சொன்னார்கள். அதனால் முடிக்குக் கேடு எதுவும் தென்படவில்லை. ஆய்வாளர்களில் சிலர் ஷாம்பு நிறுவனத்துக்காரர்கள். 2003இல் மும்பையில், தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று ரேலே, மொஹிலே இருவரும் காட்டினார்கள். சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் தேங்காய் எண்ணெய் நிறுவனத்துக்காரர்கள். இரண்டையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஷாம்புவின் வேலை தோலில். எண்ணெயின் வேலை முடியில். குளிப்பதற்கு முன் முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் தேங்காய் எண்ணெய் பூசி, தலைத்தோலில் ஷாம்பு தேய்த்து அலசினால் வம்பே இல்லை. நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ்: உச்சியில் எண்ணெய், நுனியில் நுரை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைக் கிழமை சொல்லாது. செய்யும் வேலை சொல்லும். 1936இல் ராஜபாளையத்தில் முதல் நூற்பாலையைப் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துத் தலைகளில் பஞ்சுத்தூசி படிகிறது. ஆலையில் ஷிப்ட் முடித்து வருகிறவரும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவரும், வத்திராயிருப்பில் களத்து மேட்டில் நெல் தூற்றி வருகிறவரும் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் அலசினால் தப்பில்லை. பதின்வயதினருக்கும் அதே கணக்கு. வீட்டு நிழலில் இருக்கும் அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை தாராளம். சுருட்டை முடிக்காரர்களும் இடைவெளி கூட்டலாம். தோல் எண்ணெய் அந்தச் சுருளில் நுனி வரை இறங்குவதில்லை.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். உப்புத்தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவதுபோல மோசம் வேறில்லை. அதிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சோப்பு சேர்ந்து, கரையாத பிசினாக முடியில் படியும். ஷாம்புவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கடலூர் சின்னி கிருஷ்ணன் 1970களில் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கக் காட்டிய வழியால் பெட்டிக்கடை வரை அது வந்துவிட்டதால், சோப்புக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

அலசிய தலையை ஈரத்தோடு கொண்டை போடாதீர்கள். முடித்தண்டிலேயே மணி மணியாகப் பூஞ்சை பிடிக்கும் வெண் பீட்ரா என்ற நோய்க்கு அது இடம் கொடுக்கும். ஈரத்தில் முடி நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எளிதில் அறும்; சீப்பைக் கொஞ்சம் பொறுத்து எடுங்கள்.

பொடுகு இருந்தால் கீட்டோகொனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்பு வாரம் இரண்டு முறை. போட்டதும் அலசாமல் நான்கைந்து நிமிடம் விட வேண்டும். நாலு வாரத்தில் குறையாவிட்டாலும், வட்டமாக முடி கொட்டினாலும், தோல் சிவந்து தடித்தாலும் கை வைத்தியத்தை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெய் வைத்து இரட்டைச்சடை பின்னி வரச் சொல்வது உங்கள் ஒழுங்கு, இருக்கட்டும். பொடுகுக்கு மருந்து போடும் பிள்ளை எண்ணெய் வைக்காமல் வந்தால், அவளை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விடுங்கள்.